மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம்' சொல்லிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். எழுத்துகளின் ஒலியை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். முதலில் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீட்டுங்கள். நின்றுபோகிறதா? சரி, அப்படியே 'ப' சொல்லுங்கள். வந்துவிட்டது. மெல்லின எழுத்துகளுக்கு இடம் மூக்கு என்று நன்னூலில் படித்தோமே, அதுதான் இது. பிள்ளைகளுக்கு நன்னூல் வேண்டாம், மூக்கு போதும். குரல் திடீரென்று அடைத்துக்கொள்வதைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். 'ப', 'ம' இரண்டுக்கும் உதடு ஒட்டுகிறது, ஆனால் ஒன்றுக்கு மட்டும் மூக்கும் வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

காது முதலில், கண் அப்புறம். இதைத்தான் நாம் பல நேரம் மாற்றிச் செய்கிறோம். 'படம்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டச் சொன்னால் பிள்ளை 'பானா, டானா, இம்' என்கிறது. சேர்த்துச் சொல் என்றால் மேலே மின்விசிறியைப் பார்க்கிறது. பாவம், என்ன செய்யும்? பானாவையும் டானாவையும் இம்மையும் எப்படிச் சேர்த்தாலும் படம் வராது. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. மெய்யெழுத்துக்கு முன்னால் நாம் வசதிக்காகப் போடும் அந்த 'இ' எந்தச் சொல்லிலும் கிடையாது.

இதற்கு நான் நம்பும் விளையாட்டு ஒன்று உண்டு. ஆசிரியர் 'க... த... வு' என்று விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஓடிப்போய்க் கதவைத் தொட வேண்டும். அப்புறம் 'ப... ல... கை', 'சு... வ... ர்'. கடைசி 'ர்' வெறும் 'ர்'தான், 'இர்' அல்ல. சில நாளில் பிள்ளைகளே பிரித்துச் சொல்ல, மற்றவர்கள் ஓடுவார்கள். ஒரு எழுத்தைக்கூடப் பார்க்காமல் ஒலியைச் சேர்க்கவும் பிரிக்கவும் பழகிவிட்டார்கள். வாசிப்பில் பாதி வேலை இதுதான்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்று கேட்பார்கள். அ, ஆ என்று பன்னிரண்டையும் முடித்துவிட்டுத்தான் மற்றது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் முதலில்தான் வரும். பன்னிரண்டும் தெரிந்த பிள்ளை 'அம்மா' என்பதைக்கூட முழுசாக வாசிக்க முடியாது. ட, ப, ம மூன்றும் கூட ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும்.

குறில் நெடிலுக்கு நம் கல்லா மண்ணாவையே கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். தரையில் ஒரு கோடு. கல், பல், முடி, விடு என்றால் இந்தப் பக்கம். கால், பால், மூடி, வீடு என்றால் அந்தப் பக்கம் தாவ வேண்டும். மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் என்கிறது தொல்காப்பியம். ஐந்து வயதுக்கு விரல் சொடுக்க வராது, அதனால் குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு நேரம் இழுக்கச் சொல்லலாம்.

தோற்றவரை உட்காரவைக்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியேறும். தவறாகத் தாவியவர் அடுத்த சொல்லைச் சொல்லட்டும்.

'ழ' தனிக் கதை. சென்னையில் பழம் 'பயம்' ஆகும், தெற்கே 'பளம்' ஆகும். வீட்டில் கேட்டதைத்தான் பிள்ளை பேசுகிறது. அதைக் கேலி செய்தால் வாய் திறக்காது. முதலில் வேறுபாடு காதில் விழட்டும். 'மழை' என்றால் விரல்களால் தூறல் போட வேண்டும், 'மலை' என்றால் தலைக்கு மேல் கை குவிக்க வேண்டும். புலி, புளி, பல்லி, பள்ளி என்று நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். நாக்கு மெதுவாக வரும்.

விளையாடிக்கொண்டிருந்தால் படிப்பது எப்போது என்ற கேள்வி பழையது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோதும் கேட்டார்கள், 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோதும் கேட்டார்கள். சத்தம் வரும், உண்மைதான். பக்கத்து வகுப்பில் தேர்வு இருந்தால் மரத்தடிக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் என்றால் இன்னும் எளிது. சமைக்கும்போது, பேருந்தில் போகும்போது, 'உதடு ஒட்டித் தொடங்கும் சொல் சொல்லு பார்ப்போம்' என்று கேளுங்கள். பாட்டி, மாமா, பூனை என்று வரும். பஸ், பலூன் என்றாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். காதுக்கு அது கொஞ்சம் வேறு ஒலிதான், ஆனால் நாளைக்கு எழுதும்போது அதே 'ப'வைத்தான் போடப்போகிறது. நன்றி, வணக்கம்.