மட்டி ஓட்டில் துளையிட்டது யார்?

[காட்சி: உள்ளங்கையில் ஒரு மட்டி ஓடு]

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இன்று காலை நான் பொறுக்கிய ஓடு இது. நூல் கோப்பதற்கென்றே யாரோ போட்டதுபோல, இதன் மூட்டுக்கு அருகில் ஒரு வட்டத் துளை இருக்கிறது. சிறு வயதில் இத்தகைய ஓடுகளைத் தேடிச் சேர்த்து மாலை கோத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அது ஒரு கொலையின் தடயம் என்று அன்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

கொன்றது நிலவு நத்தைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கடல் நத்தை; நம் கிழக்குக் கடற்கரையில் வாழும், கரும்பழுப்புப் புள்ளிகள் நிறைந்த நாட்டிகா டைக்ரினா அக்குடும்பத்து இனங்களுள் ஒன்று.

இந்த நத்தை மணலுக்குள்ளேயே ஊர்ந்து சென்று, மட்டியைத் தன் அகன்ற பாதத்தால் போர்த்திப் பிடித்துக்கொள்கிறது. அதன் உறிஞ்சுகுழல் நுனியிலுள்ள சுரப்பி, அமிலத்தால் சுண்ணாம்பு ஓட்டை இளக்குகிறது. பிறகு நுண்பற்கள் நிறைந்த நாக்கு அதைச் சுரண்டுகிறது. மறுபடி அமிலம், மறுபடி சுரண்டல். இக்குடும்பத்து நத்தை ஒன்றை ஆய்வகத்தில் அளந்தபோது, அது நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆழமே துளைத்தது. இவ்வளவு பொறுமை கொண்ட வேட்டையை நான் வேறெங்கும் அறிந்ததில்லை.

[காட்சி: துளை, மிக அருகில்]

இப்போது துளையின் விளிம்பைக் கவனியுங்கள். திருகாணியின் தலை மரத்துக்குள் அமிழ்ந்து உட்கார வேண்டும் என்பதற்காக, தச்சர் துளையின் வாயை மட்டும் அகலமாகச் செதுக்குவார் அல்லவா? அதே வடிவம்தான் இது: வெளியே அகன்று, உள்ளே போகப் போகக் குறுகி, கிண்ணம்போல் சரிந்திருக்கிறது. முள்சங்குக் குடும்பத்து நத்தைகளும் துளையிடும். ஆனால் அவற்றின் துளை பெரும்பாலும் குழாய்போல் நேராக இறங்கும். விரல் நகத்தால் விளிம்பைத் தடவிப் பார்த்தே, கொன்றது எந்தக் குடும்பம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு சிப்பிக்குள் இத்தனை தெளிவான சாட்சியம் இருப்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

மட்டியோடு நிலவு நத்தை நிற்பதில்லை. தன் இனத்தையே துளைத்துத் தின்னும் பழக்கமும் இதற்கு உண்டு. ஒடிசாவின் சந்திப்பூர் கடற்கரையில் நாட்டிகா டைக்ரினாவை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, முழுமையடையாத துளைகளையும் தேடுங்கள். நிலவு நத்தை பாதியில் விட்ட குழியின் அடியில், நடுவே சிறு மேடு ஒன்று எழும்பி நிற்பதுண்டு. அந்த மேடு உங்கள் கண்ணில் பட்டால், வெயில் சாய்வாக விழும்படி ஓட்டைப் பிடித்துப் படமெடுத்து அனுப்புங்கள். நேர் வெளிச்சத்தில் அது தெரியாது.