பூவைக் கிள்ளும் கை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "கனவைக் காய்க்க வைப்பது வேகமா, பொறுமையா?" என்ற தலைப்பில் பொறுமையின் பக்கம் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "ஆறின கஞ்சி பழங்கஞ்சி, விதையைப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்காருவதுதான் பொறுமை" என்றார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா ஐயா? போகட்டும். ஒரே ஒரு ஒட்டு மாங்கன்றை நட்டுப் பாருங்கள், திண்ணையில் உட்கார நேரம் கிடைக்கிறதா என்று.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி வருகிற மாதிரி குழி. வெட்டிய கையோடு நடக் கூடாது. இரண்டு வாரம் வெயில் காயட்டும். மேல்மண்ணோடு 10 கிலோ தொழு உரம் கலந்து நிரப்ப வேண்டும், அதுவும் நன்றாக மக்கியதாக. பச்சைச் சாணம் போட்டால் சூடு கிளம்பி இளவேர் கருகும். ஒட்டுப் போட்ட இடம், அதாவது கொட்டையில் முளைத்த நாட்டுச் செடியின் தண்டோடு நல்ல ரகத்தின் கிளையைச் சேர்த்துக் கட்டிய இடம், மண்ணுக்குள் புதையக் கூடாது.

அந்த ஒட்டில் ஒரு பிளாஸ்டிக் நாடா சுற்றியிருக்கும். ஒட்டு சேரும் வரை அதுதான் உயிர். சேர்ந்த பிறகு அவிழ்க்க மறந்தால், தண்டு பருக்கப் பருக்க அதுவே கழுத்தை நெரிக்கும். பிள்ளையின் கனவைத் தாங்கிப் பிடிக்கும் பெற்றோர் அந்த நாடாவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒட்டுக்குக் கீழே ஒரு துளிர் வரும். பச்சைப் பசேலென்று, மேலே இருப்பதைவிட வேகமாக. அது நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய பங்கனப்பள்ளி இல்லை. அடியில் இருக்கும் நாட்டுக் கொட்டைச் செடி. விட்டுவைத்தால் மேலே உள்ள ரகத்தைப் பட்டினி போட்டுவிடும். கதை எழுத வந்தவர், கேட்டவருக்கெல்லாம் விளம்பர வாசகம் எழுதிக் கொடுத்து, கதையையே மறந்துபோகிறாரே, அவரிடம் வேகத்துக்கா குறை?

இனி பூவுக்கு வருகிறேன். ஒட்டுக்கன்று சில சமயம் பையில் இருக்கும்போதே பூத்துவிடும். விரல் பருமன் தண்டு, உச்சியில் இளஞ்சிவப்புக் காம்போடு ஒரு பூங்கொத்து, அதில் ஈ மொய்க்கும். அதைக் கிள்ளி எறிய வேண்டும். பிசின் விரலில் ஒட்டும், மனசு கேட்காது. ஆனாலும் முதல் 3 வருஷம் கிள்ளத்தான் வேண்டும். பத்துப் பதினைந்து இலை சமைக்கிற சாப்பாடு காய்க்குப் போனால், வேருக்கும் கிளைக்கும் மிச்சமில்லை. கன்று குன்றும், காய் கனத்துக் கிளை முறியும். முதல் மேடையின் கைதட்டலை நம்பிப் பயிற்சியை விட்ட பாடகருக்கு நடப்பதும் இதுதான்.

"ஒட்டே வேகத்துக்காக வந்ததுதானே" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், கொட்டை மரத்தைவிட ஒட்டு சீக்கிரம் காய்க்கும். அந்த வேகத்தைக் காப்பாற்றத்தான் பூவைக் கிள்ளுகிறோம்.

காய்ப்புக்கு வந்த மரத்துக்கோ, பூ எடுக்கும் முன் கார்த்திகை, மார்கழியில் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஆசையில் பாய்ச்சினால், பூ வர வேண்டிய நுனியெல்லாம் இலையாகத் துளிர்க்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓட, மடையைத் திறக்காமல் நிற்கிறாரே, அவரையா சும்மா இருக்கிறார் என்கிறீர்கள்?

எதிரணிக்கு ஒரே கேள்வி. முதல் வருஷப் பூவைக் கிள்ளாமல் விட்ட கன்றை, நாலாம் வருஷம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பதிலை நடுவரிடம் சொல்லுங்கள். வணக்கம்.