பனிமலைக்கு ஒரு மெல்லிய சாக்ஸ்

வணக்கம். புதுச்சேரி, கடலூர்ப் பக்கமிருந்து இமயமலைக்கு நடக்கப் போகிறவர்கள் என்னிடம் ஜாக்கெட்டைப் பற்றி மணிக்கணக்கில் விசாரிப்பார்கள். சாக்ஸ் என்றால் மட்டும், "அதான் வீட்டிலே கிடக்கே சார்" என்பார்கள். கிடப்பது பருத்தி சாக்ஸ்.

பஞ்சாலைகளால் பிழைத்த ஊர் நம் புதுச்சேரி. இங்கே உட்கார்ந்து பருத்தியைக் குறை சொல்ல எனக்கே சங்கடம்தான். ஆனாலும் சொல்கிறேன். பருத்தி வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அந்த ஈரம் காயக் காய உடம்பு குளிரும், சுகமாக இருக்கும். பனியிலும் அது அதே வேலையைத்தான் செய்யும்! ஏற்றத்தில் வியர்த்து, நின்றதும் கால் சில்லிட்டுப்போகும். ஊறிய தோல் உரசினால் கொப்புளம் வேறு.

அதற்குத்தான் லைனர் சாக்ஸ். தோலை ஒட்டி மெல்லிசாக ஒன்று, மேலே கனமான கம்பளி சாக்ஸ். மெல்லியது வியர்வையை வெளியே கடத்தும். உரசல் இரண்டு சாக்ஸுக்கும் நடுவே நடக்கும், தோல் தப்பிக்கும். பாலியஸ்டர், மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி, பட்டு எதுவானாலும் சரி. பருத்தி மட்டும் வேண்டாம்.

உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா பனிமலைக்கு எங்களோடு வந்த முத்தியால்பேட்டை அண்ணன் ஒருவர் கூடாரத்தில் உட்கார்ந்து, "மூணு சாக்ஸ் போட்டும் விரல் மரத்துப்போவுதே தம்பி" என்றார். மூன்றும் பருத்தி, மூன்றும் ஈரம். ஷூவுக்குள் விரல் அசைய இடமில்லை. இறுக்கினால் ரத்தம் எப்படி ஓடும்? எல்லாவற்றையும் கழற்றி, காய்ந்த லைனர் ஒன்று, கம்பளி ஒன்று மாட்டிவிட்டோம். கொஞ்ச நேரத்தில், "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று அவர் நெளிந்தபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஆகவே ஷூ வாங்கப் போகும்போதே இரண்டு சாக்ஸையும் போட்டுப் பாருங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலம் நல்ல நேரம்.

கடையில் லைனரை உள்பக்கம் திருப்பி, விரல் பக்கத் தையலை நகத்தால் தடவுங்கள். தடித்து நெருடினால் வைத்துவிடுங்கள். அளவு பெரிதானால் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளம் வரும்.

நேரம் முடிந்தது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். துவைப்பது பற்றி நிறைய வைத்திருந்தேன், சரி, ஒன்று மட்டும்: வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம், நூலில் படிந்து வியர்வை கடத்துவதைக் கெடுக்கும். அப்புறம், தூங்கும்போது போட ஒரு காய்ந்த ஜோடி பையில் இருக்கட்டும். கிளம்பும் முன் இதே சாக்ஸ், ஷூவோடு செஞ்சி ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்குங்கள். அந்த வெயிலில் கம்பளி சாக்ஸா என்று கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எங்கே உரசுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். வணக்கம்.