அரைத்த மாவு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எட்டு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், அதனால் வணக்கத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். வெற்றிக்கு வழி கைகண்ட முறையா, புதுப்புது முயற்சியா என்பது தலைப்பு. கைகண்ட முறைதான் என்று வரிசையாக நாலு காரணம் எழுதி வந்தேன். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். காரணம், எதிரணித் தம்பி.

எங்களைப் பார்த்து என்ன சொன்னார்? "இவர்கள் அரைத்த மாவையே அரைக்கும் கூட்டம்." நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் உங்களுக்கு இது முதல் தடவை, எனக்கு மூன்றாவது தடவை. போன இரண்டு மேடைகளிலும் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

அவரைக் கவனித்தீர்களா? அந்த வரி வருவதற்கு முன்னால் தண்ணீர் பாட்டிலை எடுப்பார். மூடியைத் திறப்பார். குடிக்க மாட்டார். சட்டென்று நெற்றியைத் தட்டிக்கொண்டு, "நடுவர் அவர்களே, இப்போதுதான் தோன்றியது" என்பார். முதல் மேடையில் தோன்றியது இப்போதுதான். இரண்டாவது மேடையிலும் இப்போதுதான். இன்றும் இப்போதுதான்! அதோ அந்த பாட்டிலைப் பாருங்கள், ஒரு சொட்டு குறைந்திருக்கிறதா?

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைக் கேலி செய்யவில்லை, எங்கள் அணியின் சிறந்த சாட்சியாக உங்களை அழைக்கிறேன். புதுமை புதுமை என்று ஏழு நிமிடம் புதிதாகப் பேசினீர்கள், அவை கொட்டாவி விட்டது. பழைய வரி ஒன்றை எடுத்தீர்கள், கூரை அதிர்ந்தது. அதை நீங்கள் ஒப்பிக்கவில்லை. அன்றைக்குத்தான் பிறந்த வரி மாதிரி சொன்னீர்கள். நெற்றியைத் தட்டினீர்களே, அந்தத் தட்டல்தான் ஐயா எங்கள் கட்சி! சரி, அரைத்த மாவை மறுபடி அரைத்தால் என்ன ஆகும்? இன்னும் நைசாகும்.

வெளியூர் சாட்சி ஒன்றும் இருக்கிறது. 99 ஆண்டுகள் உலகம் குடித்த பானத்தின் சுவையை 1985 ஏப்ரலில் கோகோ கோலா நிறுவனம் மாற்றியது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றவில்லை, ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொன்ன பிறகுதான் மாற்றியது. சுவைத்தவர்களில் பெரும்பாலோருக்குப் புதியது பிடித்திருந்தது. கடைக்கு வந்ததும் கதையே வேறு. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேல் தொலைபேசி அழைப்புகள், அத்தனையும் வசவு. 79 நாளில் பழையது திரும்பி வந்தது. ஓடிக்கொண்டிருந்த தொடரை நிறுத்திவிட்டு அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். மறுபடி சொல்கிறேன், நடுவர் அவர்களே, தொடரை நிறுத்தினார்கள்! எங்கள் வீட்டில் தொடரை நிறுத்தினால் முதலில் என்னைத்தான் நிறுத்துவார்கள்.

நடுவர் மணியைப் பார்க்கிறார். இன்னும் ஒன்றே ஒன்று.

என் அப்பா மூன்றாம் வகுப்பு ஆசிரியர். 34 வருடம், அதே வகுப்பு, அதே பின்னம். கரும்பலகையில் ஒரு வட்டம் போடுவார், நடுவில் கோடு கிழிப்பார், ஒரு பாதியை அழித்துவிடுவார். அப்புறம் திடுக்கிட்டுப் போய், "ஐயோ, மீதிப் பாதி எங்கே ஓடிப்போச்சு?" என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடுவார். பிள்ளைகள் எல்லோரும் பெஞ்சுக்கு அடியில் தேடுவார்கள். நானும் அந்த வகுப்பில் படித்தவன்தான். "தினமும் வீட்டில் பார்க்கிற அப்பாதானே, இவன் தேட மாட்டான்" என்று நண்பர்கள் பந்தயம் கட்டினார்கள். தேடினேன். எதிரே நிற்கிற பிள்ளைக்கு இது முதல் தடவை என்பது அவருக்கு எப்படி மறக்காமல் இருந்தது என்று இன்றும் எனக்கு வியப்பு.

இப்போது அவருக்கு நிறைய மறந்துவிட்டது. என் பெயர் சில நாள் நினைவில் இருக்கும், சில நாள் இருக்காது. போன மாதம் என் மகள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் கட்டிலில் உட்கார்ந்தாள். பென்சிலை வாங்கினார். வட்டம் போட்டார். கை நடுங்கியதால் கோடு கோணலாகப் போனது. பாதியை அழித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார், அதே திடுக்கிடல். முதுகு வளையவில்லை, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எப்படியோ குனிந்தார்.

நானும் பக்கத்தில் குனிந்து தேடினேன், நடுவர் அவர்களே. வணக்கம்.