மிளகுக் கொடி வாடும் முன்பே வேரைக் காப்பாற்றுங்கள்

[காட்சி: ஏற்காட்டு மலைத்தோட்டம். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, இலைகள் தொங்கிக் கிடக்கின்றன]

வணக்கம். இந்தக் கொடியின் அடித்தண்டைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே கருத்து, ஈரமாக அழுகியிருக்கிறது. இதுதான் துரித வாடல். அடித்தண்டில் நோய் இறங்கிவிட்டால் சில வாரங்களில் கொடி பட்டுப்போகும். இந்த நிலையில் மருந்துக்குச் செலவழிக்காதீர்கள். வேரோடு தோண்டி எரித்துவிடுங்கள்.

பக்கத்துக் கொடிகளைக் காப்பாற்றலாம். அதற்கு, வந்திருப்பது எது என்று தெரிய வேண்டும்.

[காட்சி: நீரில் நீந்தும் வித்துகளின் வரைபடம்]

இந்த நோயைத் தரும் கிருமியின் பெயர் பைட்டோப்தோரா கேப்சிசி. பூஞ்சை என்கிறோம், ஆனால் இது பழுப்புப் பாசிகளின் உறவு. அதனால்தான் பலரும் வாங்கி ஊற்றும் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி இதனிடம் பலிப்பதில்லை. இதன் வித்துகள் நீரில் நீந்தும். வேரடியில் தேங்கும் மழைநீரே அவற்றுக்குப் பாதை.

ஆகவே முதல் வேலை வடிகால். மழை தொடங்குமுன் தரையில் படரும் ஓடுதண்டுகளைக் கழித்துவிடுங்கள், அல்லது மரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். மண் தெறித்து நோய் ஏறுவது இவற்றின் வழியாகத்தான். நிழல் மரக் கிளைகளையும் கவாத்து செய்யுங்கள். கொடியடியில் மண்வெட்டி போட வேண்டாம். வேரில் காயம் பட்டால் நோய்க்கு வழி திறந்தாயிற்று.

[காட்சி: நிழலில் தொழு உரக் குவியல், மேலே ஈரச் சாக்கு]

அடுத்து டிரைக்கோடெர்மா, நோய்க் கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சை. மட்கிய தொழு உரம் 90 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 கிலோ. நீர் தெளித்துப் புரட்டி, நிழலில் மூடி வையுங்கள். 15 நாளில் பச்சைப் படலம் பிடிக்கும். கொடிக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். அதே இடத்தில் தாமிர மருந்து ஊற்றினால் இந்த நல்ல பூஞ்சையும் செத்துவிடும். இரண்டுக்கும் மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள்.

இலைகளுக்கு ஒரு சத போர்டோ கலவை, இதுவும் தாமிர மருந்துதான். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ 50 லிட்டர் நீரில், சுண்ணாம்பு 1 கிலோ 50 லிட்டர் நீரில், தனித்தனி பிளாஸ்டிக் டிரம்மில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள்.

புதிதாக நடுவோருக்கு: பன்னியூர்-1 ரகம் நல்ல விளைச்சல் தரும், ஆனால் இந்த நோய்க்குச் சீக்கிரம் ஆட்படும். கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் தேவம், சக்தி ரகங்கள் ஓரளவு தாங்கும்.

சரி, ஜூன் மழைக்கு முன் உரம் வேரடியில் இருக்க வேண்டுமென்றால், மே முதல் வாரமே குவியலைப் போட்டுவிடுங்கள்.