பதில் சொல்ல ஆள் இல்லாத மூவர்

நேயர்களுக்கு வணக்கம்.

2022 ஜூலை 3ஆம் தேதி, அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் பிராட்ஃபோர்ட் ஃப்ரீமேன் என்ற முதியவர் காலமானார். வயது 97. முப்பத்திரண்டு ஆண்டுகள் கிராமப்புறத் தபால்காரராக வேலை பார்த்தவர். அவருடைய மறைவைப் பெரிய பத்திரிகைகள் எல்லாம் செய்தியாகப் போட்டன. காரணம் தபால் வேலை அல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவில், 506ஆவது பாராசூட் ரெஜிமென்ட்டில் இருந்த ஈஸி கம்பெனி என்ற படைக்குழுவின் வீரர்களில் அவர்தான் கடைசியாக உயிரோடு இருந்தவர்.

அந்த ரெஜிமென்ட்டில் ஈஸியைப் போல ஒன்பது துப்பாக்கிக் கம்பெனிகள் இருந்தன. மற்ற எட்டும் அதே இரவில் குதித்தன, அதே பனியில் உறைந்தன. ஈஸியின் பெயர் மட்டும் உலகம் முழுக்கத் தெரிந்ததற்கு 1992இல் வந்த ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ என்ற புத்தகமும், 2001இல் அதைவைத்து அதே பெயரில் எடுத்த தொலைக்காட்சித் தொடரும் காரணம். இது அந்த வீரர்களின் குற்றமல்ல. ஆனால் இந்த உரை முழுக்க அந்த இரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எப்போது இறந்தார்கள் என்பதை அந்த ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நான் சொல்ல வந்தது புரியும்.

முதலில் கதைச் சுருக்கம். 1942 ஜூலையில் ஜார்ஜியா மாநிலத்தின் டோக்கோவா முகாமில் ரெஜிமென்ட் உருவானது. எல்லோரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். பாராசூட் வீரருக்கு மாதம் 50 டாலர் கூடுதல் சம்பளம். அந்தக் காலத்தில் அது சிறிய தொகை அல்ல. தேசபக்தியோடு அதையும் சேர்த்தே கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள், அதில் தவறும் இல்லை. முகாமுக்குப் பக்கத்தில் கர்ரஹீ என்ற மலை. ஏற மூன்று மைல், இறங்க மூன்று மைல். அதில் ஓடி ஓடித்தான் கம்பெனி உருவானது.

1944 ஜூன் 6 அதிகாலை இருட்டில் பிரான்ஸின் நார்மண்டியில் குதித்தார்கள். கம்பெனித் தலைவர் தாமஸ் மீஹன் சென்ற விமானம் சுடப்பட்டு விழுந்தது. அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. ரிச்சர்ட் வின்டர்ஸ் என்ற இளம் அதிகாரி பொறுப்பேற்று, கையில் கிடைத்த சிலரை வைத்துக்கொண்டு, யூட்டா கடற்கரையைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்த நான்கு ஜெர்மானியப் பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்தார். பிறகு கரென்டான், செப்டம்பரில் ஹாலந்து, டிசம்பரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் முற்றுகை, கடைசியில் ஹிட்லரின் மலை மாளிகை இருந்த பெர்க்டெஸ்காடன். போர் முடிவதற்குள் அந்தக் கம்பெனிப் பட்டியலில் 366 பேர் வந்துபோயிருந்தார்கள். களத்தில் இறந்தவர்கள் 49 பேர்.

ஃப்ரீமேன் எங்கே இருந்தார்? மோர்ட்டார் என்ற சிறு பீரங்கிப் பிரிவில். நார்மண்டியில் அவர் குதித்தபோது எட்டு கிலோ எடையுள்ள மோர்ட்டாரின் அடித்தட்டை நெஞ்சில் கட்டியிருந்தார். மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு புல்வெளியில் போய் இறங்கினார். கால் முறிந்து கிடந்த ஒரு சக வீரரை மறைவிடத்தில் சேர்த்துவிட்டுத்தான் தன் கம்பெனியைத் தேடிப் போனார். பாஸ்டோன் பக்கம் காயம்பட்டு, மருத்துவமனையில் கிடந்து, 1945 ஏப்ரலில் திரும்பிவந்தார். பிறகு வீடு, கல்யாணம், தபால் பை. ஈஸி கம்பெனியின் நாயகர்கள் என்று ரசிகர்கள் ஒப்பிக்கும் பெயர்களில் இவர் பெயர் இருக்காது. கடைசியாக மிஞ்சுபவர் நாயகராகத்தான் இருக்கவேண்டும் என்று விதி ஏதும் இல்லை. ஆயுள் கெட்டியாக இருந்தால் போதும்.

வின்டர்ஸ் 2011 ஜனவரியில் போனார். நார்மண்டியில் தன் உருவத்தில் சிலை வைக்க அவர் சம்மதித்தது ஒரே நிபந்தனையின் பேரில்: அன்று இறந்த இளநிலை அதிகாரிகள் அனைவருக்கும் அது காணிக்கையாக இருக்கவேண்டும். பிலடெல்பியாக்காரர்களான பேப் ஹெஃப்ரனும் பில் கார்னியரும் போருக்குப் பிறகும் கடைசிவரை இணைபிரியாத நண்பர்கள். பாஸ்டோன் காட்டில், காலிழந்து கிடந்த தோழரை இழுத்துவரப் போய்த் தன் காலையும் இழந்தவர் கார்னியர். ஹெஃப்ரன் 2013 டிசம்பரில் இறந்தார். மூன்று மாதத்தில் கார்னியரும் போய்ச்சேர்ந்தார். கடைசி அதிகாரி எட்வர்ட் ஷேம்ஸ், 2021 டிசம்பர், வயது 99. யூதரான அவர், ஹிட்லரின் மலை மாளிகையிலிருந்து எடுத்துவந்த கோன்யாக் மதுவைப் பத்திரமாக வைத்திருந்து, தன் மகனின் பார் மிட்ஸ்வா சடங்கில் திறந்தார். இதைவிடப் பொருத்தமாக அந்தப் புட்டியை வேறு யாராலும் திறந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இவர்கள் எல்லோரும் பேசியவர்கள். புத்தகத்துக்கும் பேசினார்கள், கேமராவுக்கும் பேசினார்கள். இனி, பேசாத மூவரைப் பற்றி.

முதலாமவர் ஹெர்பர்ட் சோபல். டோக்கோவாவில் கம்பெனியைப் பயிற்றுவித்த கேப்டன். அற்பக் காரணங்களுக்கெல்லாம் தண்டனை கொடுப்பவர், வரைபடம் பார்க்கத் தெரியாதவர் என்று பெயர். இங்கிலாந்தில் இருந்தபோது, இவர் தலைமையில் போருக்குப் போகமாட்டோம் என்று சார்ஜண்டுகள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். படைத் தலைமை அவரை வேறிடத்துக்கு மாற்றியது. புத்தகத்திலும் தொடரிலும் அவர்தான் வில்லன். ஆனால் அவரை வெறுத்தவர்களிலேயே பலர் பிற்காலத்தில், எங்களை அப்படி வாட்டி எடுத்ததால்தான் பிழைத்தோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். சோபல் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. 1987இல் இறந்துவிட்டார்.

இரண்டாமவர் நார்மன் டைக். 1945 ஜனவரி 13 அன்று பெல்ஜியத்தின் ஃபோய் கிராமத்தின்மீது நடந்த தாக்குதலில் கம்பெனியை நடத்தியவர். பாதி வழியில் நின்றுவிட்டார். கோழை, உறைந்துபோனார் என்று கதை. அவருக்குப் பதிலாக ரோனால்ட் ஸ்பியர்ஸ் என்ற அதிகாரி ஓடிவந்து தாக்குதலை முடித்துவைத்தது தொடரின் புகழ்பெற்ற காட்சி. ஆனால் அதே களத்தில் இருந்த கிளான்சி லயல் என்ற வீரர் வேறு விதமாகச் சொன்னார்: டைக்கின் வலது தோளில் குண்டு பாய்ந்திருந்தது, அவர் நின்றதற்கு அந்தக் காயம்தான் காரணம், பயம் அல்ல. டைக் வெண்கல நட்சத்திரப் பதக்கம் பெற்றவர் என்பதும் பதிவில் இருக்கிறது. எது உண்மை என்று நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. தோளில் குண்டோடு ஒருவர் தடுமாறினாலும், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பயந்து நிற்பதாகத்தான் தெரிந்திருக்கும். டைக் 1989இல் இறந்தார். புத்தகத்துக்கு மூன்று ஆண்டு முன்னால்.

மூன்றாமவர் கதைதான் வேடிக்கை, வருத்தமும்கூட. ஆல்பர்ட் பிளைத். நார்மண்டியில் காயமடைந்து வெளியேறினார். 1948இல் அந்தக் காயத்தாலேயே இறந்துவிட்டார் என்று புத்தகம் சொன்னது. தொடரும் திரையில் அதையே எழுதிக்காட்டியது. தோழர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் மனதார நம்பியதைத்தான் சொன்னார்கள். உண்மை என்னவென்றால், பிளைத் குணமாகி, ராணுவத்திலேயே தொடர்ந்து, மாஸ்டர் சார்ஜண்டாக உயர்ந்து, 1967 டிசம்பரில்தான் ஜெர்மனியில் இறந்தார். அதற்குச் சற்று முன்புதான் பாஸ்டோன் நினைவு விழாவில் கலந்துகொண்டிருந்தார். அமெரிக்க ராணுவத்தினரை அடக்கம் செய்யும் ஆர்லிங்டனில் கல்லறை இருக்கிறது. இருபது ஆண்டு வாழ்க்கை ஒரே வரியில் காணாமல் போயிருந்தது. அவருடைய குடும்பத்தினர் சொன்ன பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

இங்கே ஒரு சின்ன விலகல். நம் பக்கத்துச் செய்தி என்பதால் விட மனமில்லை. பிளைத் கொரியப் போரில் சேவை செய்தது 187ஆவது பாராசூட் ரெஜிமென்ட்டில். 1951 மார்ச் 23 அன்று முன்சான்-னி என்ற இடத்தில் அந்த ரெஜிமென்ட் குதித்தபோது அதோடு சேர்ந்து குதித்தது இந்தியாவின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவின் ஒரு சிறு குழு. அந்தப் பிரிவுக்குத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். இந்தியாவில் பாராசூட் படை தொடங்கிய காலத்தில் முதன்முதலாகக் குதித்த இந்தியர்களில் ஒருவர். கொரியப் பணிக்காக மகாவீர் சக்கரம் பெற்றவர். ஈஸி கம்பெனியின் ஒவ்வொரு சார்ஜண்டையும் பெயர் சொல்லி அறிந்த நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

திரும்பி வருவோம். 1967, 1987, 1989. மூவரும் புத்தகத்துக்கு முன்பே போய்விட்டவர்கள். வரலாற்றை வென்றவர்கள் எழுதுகிறார்கள் என்று சொல்வது வழக்கம். ஒரு கம்பெனி அளவுக்குச் சின்ன வரலாற்றில் அது பொருந்தாது. அங்கே எல்லோரும் வென்ற பக்கம்தான். அங்கே எழுதுபவர்கள் நீண்ட நாள் இருந்தவர்கள். அவர்களுக்குள்ளும், ஆண்டுதோறும் கூடிப் பேசி, பேசிப் பேசி ஒரே கதையாக ஆக்கிக்கொண்டவர்கள். கூட்டத்துக்கு வராதவன், வரமுடியாதவன், கதையில் மற்றவர்கள் கொடுத்த வேடத்தோடு நிற்கவேண்டியதுதான்.

காகிதம் கைகொடுக்காதா என்று கேட்பீர்கள். ஓரளவுதான். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரின் ராணுவ ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில், 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்தன. ஈஸி கம்பெனி வீரர்களில் பெரும்பாலோர் அந்தக் காலக்கட்டத்துக்குள் வருபவர்கள். ஆனால் ஒவ்வொரு கம்பெனியிலும் எழுத்தர் தினமும் தயாரித்த காலை அறிக்கை என்று ஒன்று உண்டு. இன்று யார் காயம், யார் மாற்றல், யார் திரும்பி வந்தார், யார் சொல்லாமல் போனார் என்று வரிவரியாக இருக்கும். ஒரு உணர்ச்சியும் இருக்காது. கோழை, வீரன் என்ற சொற்களுக்கு அதில் இடமே இல்லை. படிக்க அலுப்பூட்டும் அந்தத் தாள்களைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

ஃப்ரீமேன் போன பிறகு, ஃபோயில் நடந்தது இதுதான் என்று சொல்லவோ, இல்லை என்று மறுக்கவோ அந்தக் கம்பெனியில் ஒருவரும் இல்லை. சோபல், டைக் பற்றிய விவாதங்கள் ஓயவில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆய்வாளர்களும் கோப்புகளோடும் கடிதக் கட்டுகளோடும் அதைத் தொடர்கிறார்கள். பிளைத்தின் குடும்பம் ஒரு பிழையைத் திருத்திவிட்டது. 366 பேரில், ஒருவரும் பேட்டி எடுக்காதவர்கள்தான் பெரும்பாலோர். அவர்களைப் பற்றி ஏதாவது தெரியவேண்டுமென்றால் இனி அலமாரிகளையும் பரண்களையும்தான் திறந்து பார்க்கவேண்டும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.