நாலு மில்லிமீட்டர் தலைவலி

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஃபில்டர் காபி முன்னுரை கிடையாது, செம கடுப்புல இருக்கேன். ஒரு ரீல் சுத்துது. "பார்வையில்லாதவங்களுக்கு ஆப் வந்தாச்சு, இனி நோட்டு பிரச்சினையே இல்ல"ன்னு பின்னாடி வயலின் வேற. சிவாஜிநகர் மார்க்கெட்ல சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒரு கையில கீரைக்கட்டோட அந்த ஆப்பைத் திறந்து பாருங்க சாமி, அப்புறம் வயலின் வாசிங்க.

ஆப் மேல எனக்குக் கோபம் இல்ல. நோட்டைக் கேமராவுல காட்டினா எத்தனை ரூபான்னு வாய்விட்டுச் சொல்ற மணி ஆப், ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1-ல விட்டது. இறக்கிட்டா நெட் வேண்டாம், தமிழ்லயும் சொல்லும், பாதி மடிச்ச நோட்டையும் கண்டுபிடிக்கும். ஆனா நல்ல நோட்டா கள்ள நோட்டான்னு சொல்லாது. இதை ரீல்ல ஒருத்தரும் சொல்லல.

கோபம் நோட்டு அளவு மேல. நூறு ரூபா 142 மில்லிமீட்டர் நீளம், இருநூறு 146, ஐநூறு 150. அகலம் மூணுக்கும் அதே 66. அதாவது நூறுக்கும் இருநூறுக்கும் நடுவுல நாலே நாலு மில்லிமீட்டர்! ஓரம் கொஞ்சம் மடங்கினாலே அந்த நாலு காலி. இதுல பழைய நூறு ஒண்ணு இன்னும் சுத்துதே, அது 157-க்கு 73. புது ஐநூறை விடப் பெருசு! விரலை நம்பிக் கொடுத்தா என்ன ஆகும்? சரி, மூச்சு விட்டுக்கிறேன்.

அதனால வீட்லயே ஒரு அட்டை பண்ணி வைங்க. கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். ஒரு நுனியில ஒட்டி ஒரு தடுப்பு. அதுலருந்து 123, 129, 135, 142, 146, 150-ல ஓரத்துல வெட்டு. பத்து, இருபது, அம்பது, நூறு, இருநூறு, ஐநூறு, அதே வரிசை. நோட்டைத் தடுப்புல முட்டவச்சு, நீவிவிட்டு, நுனி எந்த வெட்டுல நிக்குதுன்னு நகத்தால தடவணும். பழைய நோட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதுக்குத்தான் ஆப்.

ஆப்ல எங்க சறுக்கும்னா, நோட்டை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிக்கிறாங்க. கை ஆடும், கட்டைவிரல் லென்ஸை மறைக்கும், அவ்வளவுதான். நோட்டை ஒரே நிறத்துல இருக்குற கறுப்புத் துணி மேல விரிங்க. போனை அதும்மேல படுக்கவச்சு, அப்படியே நேரா ஒரு சாண் தூக்குங்க, சாய்க்காம. சத்தம் வரலைன்னா ஒரு விரல் அளவு மேல, இல்ல கீழ. ஒரு நேரத்துல ஒரு நோட்டுதான், கத்தையைக் காட்டாதீங்க. மார்க்கெட் இரைச்சல்ல காதுல விழாது, ஒரு காதுல மட்டும் இயர்போன் போடுங்க, இன்னொரு காது வண்டி ஹாரனுக்கு.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன். இதெல்லாம் டாக்பேக், அதாவது திரையில இருக்குறதை வாசிச்சுக் காட்டுற வசதி, ஓடுற போன்ல. ஆண்ட்ராய்டுல ரெண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூணு செகண்ட் அழுத்தினா ஆன் ஆகும், முதல் தடவை மட்டும் கேட்டுட்டு. ஒரு தட்டு தட்டினா படிக்கும், ரெட்டைத் தட்டுலதான் திறக்கும், நகர்த்த ரெண்டு விரல். வீட்டு ஆளுங்க தெரியாம ஆன் பண்ணிட்டு "போனுக்குப் பேய் பிடிச்சிருச்சு"ன்னு கத்துவாங்க. அதே ரெண்டு பட்டனை அழுத்தினா பேய் போயிரும்.

தமிழ் மெசேஜ் வந்தா மட்டும் டாக்பேக் ஊமையாயிருதுன்னு கமென்ட்ல நிறைய பேர் கேட்டீங்க. தமிழ்க் குரல் இறங்கல, அதான். செட்டிங்ஸ்ல டெக்ஸ்ட் டு ஸ்பீச் போய், குரல் தரவுல தமிழை வைஃபை இருக்கும்போது இறக்கிக்கோங்க.

சில்லறைக்கு மட்டும் ஆப்பே வேண்டாம். 2019-ல வந்த இருபது ரூபா காசு பன்னெண்டு முனை, தடவினாலே தெரியும். இந்த மாதிரி நோட்டையும் யோசிச்சிருந்தா நான் ஏன் இப்படிக் கத்தப்போறேன்!

பர்ஸ்ல போடும்போதே மடிச்சிருங்க. ஐநூறை நீளவாக்குல, இருநூறை நாலா, நூறை ரெண்டா. எப்படி மடிச்சாலும் சரி, தினம் மாத்தாதீங்க. ஆங், கேமரா லென்ஸ்! எண்ணெய்க் கை பட்டிருந்தா எந்த ஆப்பும் திணறும். முதல்ல துடைங்க.